தயிர் சாதத்துக்கு மதிப்பெண் இல்லை

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வினாடி வினா நடக்கும். கேள்வி கேட்கிறவன் நான். கண்டோன்மெண்டில் ஒரு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற வேலை எனக்கு. அங்கே என் வார்த்தைக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஹாலில் மைக்கைப் பிடித்தால் எட்டு மேஜையும் அமைதியாகிவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசிச் சுற்றுக்கு மோனைச் சுற்று என்று பெயர். விடையில் இரண்டு சொல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் மோனை பொருந்த வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆனால் கேள்வி தயாரிப்பது லேசில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் மனைவியிடம்தான் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்ப்பேன். அவள் தமிழ் எம்.ஏ. முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. மகளுக்குச் சின்ன வயதில் அடிக்கடி வீசிங் வந்ததால் வேலையை விட்டாள். அப்புறம் திரும்பப் போகவில்லை. நானும் போ என்று சொல்லவில்லை.

"கல்யாணத்துக்கு முதல் ஆளா வரும், பந்திக்குப் போகாது. என்னது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசல் வாழை. ஆனா கேள்வி தப்பு."

"என்ன தப்பு?"

"பந்தில இலை யாரோடதாம்?"

மாற்றினேன். "கல்யாணத்துக்கு வந்து வாசல்லயே நின்னுடும்."

"வாசல்னு நீங்களே சொல்லிட்டா அப்புறம் என்ன கேள்வி?"

"சரி. கல்யாணத்துக்கு ஜோடியா வரும், உள்ள வராது."

கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். "ம். இது கேள்வி."

இன்னொரு நாள் 'நடப்பவளின் பக்கத்தில் நிற்பது' என்று எழுதிக்கொண்டு போனேன். காவிரிக் கரை என்று உடனே சொன்னாள். கூடவே, "சித்திரைல அவ எங்க நடக்கறா, மணல்ல படுத்துல்ல கெடக்கா? தண்ணி வந்தப்புறம் கேளுங்க" என்றாள். நான் விடமாட்டேன். அவளும் விடமாட்டாள். குழம்பு அடிப்பிடிக்கும் வரை போகும். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் சத்தம் என்று இருந்தது அதுதான்.

கேள்வியெல்லாம் தெரிந்தவள் என்பதால் அவள் போட்டியில் உட்கார்ந்ததே இல்லை. பின்வரிசையில் இருந்து பார்ப்பாள். ஒரு மாதம், காய் வாங்கிக்கொண்டு வரும்போது திடீரென்று சொன்னாள்: "ஏங்க, இந்தத் தடவை நானும் விளையாடறேனே. கேள்வியை எங்கிட்ட காட்டாதீங்க."

போட்டிக்கு இருந்த பத்து நாளும் நான் தனியாகவே கேள்வி எழுதினேன். அவள் இரண்டாவது மாடிப் பெண்கள் இருவரைச் சேர்த்து ஒரு அணி அமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மயில் கழுத்து நிறத்தில் ஒரு காட்டன் புடவை கட்டிக்கொண்டு, கையில் பேனாவோடு என்னைவிட முன்னால் கிளம்பிப் போனாள்.

அன்றைக்கு அவளுடைய அணி நன்றாகவே விளையாடியது. கடைசிக் கேள்விக்கு வரும்போது இரண்டு அணிகள் சமமாக நின்றன. ஒன்று அவளுடையது. நான் கேட்டேன்: "வெளியூர் கிளம்பினால் வீட்டில் முதலில் தயாராகும். ஆறினாலும் ருசி குறையாது."

நான் வைத்திருந்த விடை, புளியோதரைப் பொட்டலம். அவள்தான் முதலில் கை தூக்கினாள்.

"தயிர் சாதம்."

"தவறு" என்றேன். எதிர் அணியிலிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் சரியான விடையைச் சொன்னார். கை தட்டினார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "ஒரு நிமிஷம். என் விடை ஏன் தப்பு?"

"த வேற, சா வேற. மோனை இல்லையே."

"இருக்கு. மோனையில சகரத்துக்குத் தகரம் இனம். இலக்கணம் ஒத்துக்குது. நீங்க ஒரே எழுத்துன்னு விதி சொல்லல, மோனைன்னுதான் சொன்னீங்க." குரல் தெளிவாக, நிதானமாக இருந்தது. வகுப்பில் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நினைத்தேன். "பொருளும் பொருந்துது. சாதத்தை ஆற வச்சுத்தானே தயிர் ஊத்திப் பிசையறோம்? புளியோதரைய விட இதுக்குத்தான் அந்த வரி சரியா வரும்."

ஹாலில் ஒருவர் "அட, ஆமாம்ல" என்றார். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. ச, த விஷயம் எப்போதோ அவளே எனக்குச் சொன்னதுதான். ஆனால் பொண்டாட்டிக்கு மார்க் போட்டுவிட்டான் என்று சொல்வார்களே என்ற பயம். அதைவிட, இத்தனை பேர் முன்னால் என் தப்பை அவள் எடுத்துச் சொல்கிறாள் என்ற எரிச்சல்.

மைக்கில் சொன்னேன்: "மேடம், வீட்டு விவகாரத்தை வீட்ல போய்ப் பேசிக்கலாம். தயிர் சாதத்துக்கு மதிப்பெண் இல்லை."

ஹால் முழுக்கச் சிரித்தது. அவளோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து பேனாவை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். தோசை வார்த்துப் போட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"நான் செயலாளர் முன்னாடி எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் விடை தப்புன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்ல."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள்.

தப்பு என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தால் மன்னித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வாரம் கேள்விகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். எதையும் மறுக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு கேள்வியைத் தப்பாக எழுதிப் படித்தேன். "நல்லாருக்கு" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. "அதை விடுங்க" என்பாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்: "மைக்ல சொன்னீங்க. இங்க அடுக்களைல வந்து மன்னிப்பு கேக்கறீங்க."

அடுத்த மாத வினாடி வினாவில் மைக்கிலேயே சொல்லிவிடுவது என்று ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஹால் நிரம்பியதும் கை பைக்குப் போகவில்லை. மறு மாதமும் அப்படியே. அவள் அந்த இரண்டு தடவையும் கீழே வரவே இல்லை. அதற்குள் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. கோயம்புத்தூர் போனவள், பேரன் பிறந்ததும் அங்கேயே தங்கிவிட்டாள். மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

அவள் போய் நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. மைக்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அன்றைக்கு என் மனைவி சொன்ன விடை சரி, நான் தெரிந்தே மறுத்தேன், அவளைக் கேலி செய்தது அதைவிடத் தப்பு. பாதிப் பேருக்கு எந்தக் கேள்வி என்றே நினைவில்லை. செயலாளர், "என்ன சார், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று முதுகில் தட்டினார். இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி அதைப் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை அவள் கூப்பிட்டாள். "பார்த்தேன். சாப்பிட்டீங்களா?"

பொங்கல் முடிந்ததும் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். மகள் ஆபீஸுக்குப் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லங்க. கோவம் இருந்தா சண்டை போட்டிருப்பேனே." குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் நாலு பேர் நடுவுல நின்னு பேசினேன். பயந்துக்கிட்டேதான் எழுந்தேன். ஆனாலும் சந்தோஷமா இருந்துச்சு. அது அப்படியே விட்டுப்போச்சு. நீங்க கேட்ட மன்னிப்பு எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. அந்த ஆசைதான் திரும்ப வரல."

அழுதேன். அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஊருக்கு எப்ப வருவ?"

"இவன் நடக்கட்டும். பார்க்கலாம்."

திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரூர் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மறு வாரம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி வேறு யாராவது கேள்வி கேட்கட்டும் என்று. இப்போது ஒரு கல்லூரிப் பேராசிரியர் நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார் என்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே வீட்டில் இருப்பேன். கை தட்டுகிற சத்தம் படிக்கட்டு வழியாக வரும். அவள் தினமும் போன் செய்கிறாள். நான் எது சொன்னாலும் சரி என்கிறாள்.