வாத்துத் துப்பாக்கிக்கு ஒரு ஆயுத பூசை

கார் ஓட்ட வந்த ராக்கப்பனின் தோளில் முதலாளி முதல் குளிர்காலத்திலேயே ஒரு துப்பாக்கியைத் தூக்கி வைத்தார். ராக்கப்பன் சிவகங்கைப் பக்கத்து ஆள். வளைகுடா யுத்தம் முடிந்த கையோடு குவைத்துக்கு வந்தவர். ஃபஹாஹீலில் அதே வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்.

அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு குழல்கள், பக்கம் பக்கமாக. சாதாரண வேட்டைத் துப்பாக்கியைவிட நீளம், பாரமும் அதிகம். உயரத்தில் பறக்கும் வாத்தை எட்டுவதற்கென்றே அந்தக் காலத்து இங்கிலாந்தில் செய்தது. தோட்டாவும் நீளமானது. ஈயக் குண்டுகள் சிதறாமல் தூரம் போவதற்காகக் குழல்களின் வாய் சற்று ஒடுங்கியிருக்கும். எண்ணெய்க் கம்பனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது பாபாவிடம் விட்டுப் போனதாம். பாபா என்றால் முதலாளி. வேலைக்காரர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

வேட்டைக்குத் தடைகள் இறுகாத காலம் அது. குளிர்காலம் முழுக்க இருவரும் விடியுமுன் சதுப்பில் இறங்கி நாணலுக்குள் நிற்பார்கள். "ராகா, ஹவா?" என்று பாபா கேட்பார். காற்று எங்கிருந்து வருகிறது என்று அர்த்தம். ராக்கப்பன் ஈர விரலைத் தூக்கிப் பார்த்து, "ஷமால், பாபா" என்பார். வடக்கு. வாத்து காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும் என்பதால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் பாபா எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்வார். துப்பாக்கியைச் சுமக்க ராக்கப்பனுக்கு உரிமை உண்டு. துடைக்க இல்லை. துடைப்பது பாபா மட்டும்.

நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது பாபாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. பெற்ற மகன் ஜைத்தை அவர் வங்கிக்காரர் என்று நினைத்தார். என்னை யாரென்றும் நினைக்கவில்லை. நான் சாவகச்சேரிக்காரி, முதியோர் பராமரிப்புப் படித்தவள். இது எனக்குப் புதிதல்ல. பொழுது சாயும் நேரத்தில் இந்த நோயாளிகளுக்குக் கலக்கம் கூடும். பாபா கதவைக் குத்துவார், சாப்பாட்டுத் தட்டை எறிவார். அப்போது ராக்கப்பன் அலுமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வந்து அவர் மடியில் வைப்பார்.

முதல் நாள் அதைப் பார்த்ததும், தோட்டா இருக்கிறதா என்று குழலைத் திறந்து காட்டச் சொன்னேன். மறுநாளே ஜைத்திடம் சொல்லி, தோட்டாவைத் தட்டும் ஊசிகளை ஆள் வைத்துக் கழற்றுவித்தேன். வீட்டில் இருந்த தோட்டாக்கள் பொலிசுக்குப் போயின. அதன் பிறகு அது வெறும் இரும்பும் மரமும்தான். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பாபா முதலில் அதை மோந்து பார்ப்பார். பழைய எண்ணெய், வெடிமருந்து, வியர்வை எல்லாம் ஊறிய வாசனை. பிறகு கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் வைப்பார். அந்த இடம் தேய்ந்து கறுத்திருக்கும். பெருவிரல் தானாகவே ஒரு பள்ளத்தைத் தேடிப் போகும். எப்போதோ படகு விளிம்பில் அடிபட்ட பள்ளம். விரல் அதில் இறங்கியதும் முகம் இளகும்.

"ராகா, ஹவா?"

"ஷமால், பாபா."

அவ்வளவுதான். பிறகு சூப்பை நான் கரண்டியால் ஊட்டலாம்.

ஜைத்துக்கு இது விளங்கவில்லை. காரில் போக பாபாவால் முடியாது, டிரைவருக்கும் வயதாகிவிட்டது, இனி எதற்கு விசா புதுப்பிப்பது என்று கேட்டார். ராக்கப்பன் இல்லாமல் மாலை நேரத்தை என்னால் சமாளிக்க முடியாது என்றேன். "சனிக்கிழமை மாலை வந்து நானே பார்க்கிறேன்" என்றார்.

ராக்கப்பனுக்கு ஊரில் மனைவி இல்லை. வீட்டை விற்று மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் இருப்பது மதுரையில் ஒற்றை அறையில்.

"போனா எங்கண்ணை இருப்பியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாப்பிள்ளை படிக்கட்டுக்கு அடியில எடம் இருக்குன்னாரு சிஸ்டர். பைக்க வெளிய நிறுத்திக்கிருவாராம். மரியாதையான ஆளு" என்று சிரித்தார்.

அந்த வாரம்தான் ஆயுத பூசையும் வந்தது, வேலை நாளில். ராக்கப்பன் அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார். வெள்ளி எனக்கு லீவு. நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, பின்பக்கம் இருந்த அவர் அறையில் சாம்பிராணிப் புகை. விரித்த பேப்பரில் கார்ச் சாவி, ஜாக்கி, ஸ்பானர், செடி வெட்டும் கத்தரி. நடுவில், மின்விசிறிக்கு நேராக, துப்பாக்கி.

நான் பையைக் கீழே வைத்தேன். கருமையோடிய குழல்கள் விளக்கிய வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி வெள்ளையாக மினுங்கின. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"கண்ணு கூசுதா சிஸ்டர்?"

"என்னண்ணை இது? ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஆயுத பூசையன்னிக்கு அருவாளக் கழுவாம வைப்பாகளா? ஒங்க பிரஷர் மெஷினுக்குக்கூடப் பொட்டு வச்சிருக்கேன், பாருங்க. இத்தனை வருசமா இதுக்கு மட்டும் ஒரு பூவு கெடையாது. பாபாவுக்கும் இப்பக் கை ஓடல. நாளைக்கு ஜைத்து வந்து பாக்கட்டும், இந்த வேலைக்காரன் எப்புடி வச்சிருக்கான்னு."

"அந்தப் பள்ளம் எங்கை?"

"பட்டி வச்சு அடைச்சுட்டேன். தடவிப் பாருங்க, தெரியவே தெரியாது."

"அண்ணை, அவருக்குக் கண் சரியாத் தெரியாது. மூக்காலையும் கையாலையும்தான் அவர் எல்லாத்தையும் மட்டுக்கட்டுறவர். நீங்கள் ரெண்டையும் துடைச்சுப்போட்டியள்."

"மோந்து பாத்து மாடுதான் கன்னுக்குட்டியக் கண்டுபுடிக்கும். துப்பாக்கிக்கு எதுக்கு சிஸ்டர் வாசம்?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். துப்பாக்கியை எடுத்துத் தானே மோந்து பார்த்தார். பிறகு பள்ளம் இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் பாபாவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். பழைய எண்ணெய்த் துணியைத் தேடி எடுத்துத் துப்பாக்கி முழுக்கத் தேய்த்தேன். வார்னிஷ் நாற்றம்தான் மேலே நின்றது. ராக்கப்பன் சாவி முனையால் பட்டியைச் சுரண்டினார். புதிதாக ஒரு கீறல் விழுந்ததே தவிரப் பள்ளம் வரவில்லை. ஜைத்துக்குப் போன் போட்டு அடுத்த வாரம் வரச் சொன்னேன். அடுத்த வாரம் வெளிநாட்டில் இருப்பேன் என்றார்.

சனிக்கிழமை மாலை ஜைத் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பாபா கதவைக் குத்தத் தொடங்கியதும் ராக்கப்பன் துப்பாக்கியை மடியில் வைத்தார். பாபா மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். கன்னத்தை வைத்து உடனே எடுத்தார். பெருவிரல் கட்டையின் மேல் ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது.

ராக்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. பாபா கேட்பதற்கு முன்பே குனிந்து, "ஷமால், பாபா, ஷமால்" என்றார்.

பாபா அவர் முகத்தைப் பார்த்தார். "என் துப்பாக்கி எங்கே?" என்றார். அடுத்த நொடி ராக்கப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஹராமி! திருடன்! ராகாவைக் கூப்பிடு! ராகா!"

"நாந்தான் பாபா. நாந்தான் ராகா." பதற்றத்தில் அவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகளைப் பிரிக்க எனக்கும் ஜைத்துக்கும் வெகுநேரம் பிடித்தது. வார்னிஷ்தான் காரணம் என்று நான் விளக்கினேன். ஜைத் மரியாதையாகக் கேட்டார். முடிவில், "சிஸ்டர், அப்பாவை அமைதிப்படுத்துவது இந்த ஆள்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பார்த்தது வேறு. கலாஸ், இத்தோடு முடிந்தது" என்று எழுந்துவிட்டார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

துப்பாக்கியை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். ராக்கப்பனின் விசாவை ரத்து செய்தார்கள். புறப்படும் நாளில் அவர் பாபாவின் அறைக்குள் வரவில்லை. "என்னயக் கண்டா மறுபடி கத்துவாரு. சோறு திங்கட்டும் விடுங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாளே, மடியில் ஒன்றும் இல்லாமல், பாபா கேட்டார்: "ராகா, ஹவா?"

"ஷமால்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். தட்டு சுவரில் போய் விழுந்தது. நாலைந்து மாலை பொறுத்துவிட்டு மதுரைக்குப் போன் போட்டு, அதைப் பாபாவின் காதோடு வைத்தேன். "ஷமால், பாபா" என்றது ராக்கப்பனின் குரல். பாபா போனைப் பிடுங்கி எறிந்தார்.

பொறுக்கி எடுத்தபோது லைன் வெட்டுப்படாமல் இருந்தது. "அவருக்குக் கேட்டுச்சா சிஸ்டர்?" என்றார். பின்னால் பைக் சத்தம்.

"கேட்டது அண்ணை. இனி நான் உங்களுக்குப் போன் போட மாட்டன்."

ராக்கப்பனைத் திரும்ப அழைக்கச் சொல்லி ஜைத்திடம் கேட்டேன். இந்த வயதில் திரும்பப் புது விசா கிடைக்காது என்றார். டொக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். நான்தான் கொடுக்கிறேன். இப்போது பொழுது சாயுமுன்பே பாபா தூங்கிவிடுகிறார்.