தோற்கும் அணிக்கு அம்மா கொடுத்த குரல்

உங்களில் பெரும்பாலோர் அம்மாவை அதிகம் பேசாதவர் என்றே அறிவீர்கள். கல்யாண வீடுகளில் பந்தி முடியும்வரை சமையலறைப் பக்கமே இருந்துவிட்டு, விடைபெறும்போது மட்டும் எல்லோர் கையையும் பிடித்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். அவர் என்னை அதட்டியதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பல்லாயிரம் பேர் நடுவில் நின்றுகொண்டு, தொண்டை கட்டிப்போகும்வரை கத்திய ஓர் அம்மாவும் இருந்தார். அவரை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றியும் எழுதாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா உடுமலைப்பேட்டையில், நூற்பாலைக் கணக்கர் ஒருவரின் நான்காவது மகளாகப் பிறந்தார். கோவையில் பி.காம். முடித்த ஆண்டே திருமணம். மருந்து நிறுவனத்தில் வேலை கிடைத்த அப்பாவுடன் நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறியபோது நான் கைக்குழந்தை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முதலில் வாடகை அப்பார்ட்மென்ட், பிறகு சொந்த வீடு. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா அலுவலகத்துக் கார் நிறுத்தத்தில் மாரடைப்பால் காலமானார். ஊருக்கே திரும்பி வந்துவிடச் சொல்லிப் பெரியவர்கள் பலரும் அழைத்தீர்கள். அம்மா வரவில்லை. அதுவரை உள்ளூர்த் தெருக்களில் மட்டுமே கார் ஓட்டியவர், ஹைவேயில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு மருத்துவரின் அலுவலகத்தில் பில்லிங் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பும் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன.

அந்த அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்தவர் டெனீஸ் ஆன்ட்டி. அவருடைய கணவர் ஃபிராங்க் அங்கிள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இருவரும் எங்கள் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள். இலையுதிர் காலத்தில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால், குளிர்காலத்தில் பெண்கள் கூடைப்பந்து, இரண்டுக்கும் சீசன் டிக்கெட் வைத்திருந்தார்கள். அப்பா இறந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெனீஸ் ஆன்ட்டி, "நாளைக்கு வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? எங்ககூட வா" என்று அழைத்திருக்கிறார். மறுக்கத் தெரியாததால்தான் போனதாக அம்மா சொல்வார்.

அம்மா எந்த விளையாட்டும் ஆடியவர் அல்லர். கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்றுகூடத் தெரியாது. ஆனால் ஃபுட்பாலில் எதிரணியின் கையில் பந்து இருக்கும்போது, அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது காதில் விழாதபடி கூச்சலிடுவது உள்ளூர் ரசிகர்களின் வேலை என்று டெனீஸ் ஆன்ட்டி முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்த வேலையை அம்மா ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் நான் ஒரே ஒரு முறை உடன் போய்ப் பார்த்திருக்கிறேன். சிவப்புத் தொப்பிக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க அம்மா கத்தினார். என்ன வார்த்தை என்று இல்லை, வெறும் சத்தம். முடிந்ததும் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

அந்த அணி எப்போதும் தோற்கும் அணி. நல்ல ஆண்டு என்றால் பாதி ஆட்டங்களில் வெல்லும். திருமணமாகி டெக்சாஸில் காப்பெலுக்குக் குடிவந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அம்மாவின் குரல் கட்டியிருக்கும். "தோத்துட்டாங்களாம்மா?" என்று கேட்பேன். "கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஆடுனாங்க" என்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் டெனீஸ் ஆன்ட்டி புற்றுநோயில் இறந்தார். அதன் பிறகும் அம்மாவும் ஃபிராங்க் அங்கிளும் அதே இடங்களில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அந்த வெள்ளைக்காரர் யார் என்று உறவில் சிலர் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டதுண்டு. மனைவியை இழந்த ஒருவரும் கணவரை இழந்த ஒருவரும் சேர்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் வசந்தத்தில் அம்மாவுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. அலர்ஜி என்று மாத்திரை சாப்பிட்டார். ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்தபோது, நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய் என்றார்கள். குணமாக்க மருந்து இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார் மருத்துவர். செப்டம்பரில் ஃபுட்பால் தொடங்கியபோது, அம்மாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. அதோடு இணைந்த சிறு இயந்திரம் தோளில் பையாகத் தொங்கியது.

மேல் வரிசைக்கு அவரால் இனி ஏற முடியாது. ஃபிராங்க் அங்கிள் பல்கலைக்கழக டிக்கெட் அலுவலகத்துக்கு நேரில் போய், இருபது வருடங்களுக்கும் மேலாக வைத்திருந்த இடங்களை விட்டுக்கொடுத்து, சக்கர நாற்காலி வைக்கும் மேடையில் இரண்டு இடங்களை வாங்கினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னதாகவே வந்து, வாசலில் நாற்காலியோடு நிற்பார்.

அந்த சீசன் ஆசைகாட்டிவிட்டு ஏமாற்றிய சீசன். முதல் மூன்று ஆட்டங்களிலும் எளிதாக வென்றார்கள். அக்டோபரில் வரிசையாகத் தோற்றார்கள். ஓர் ஆட்டத்தில் கடைசி வினாடி வரை முன்னிலையில் இருந்து, எதிரணி உதைத்த ஒரே உதையில் பறிகொடுத்தார்கள். ஆறு வெற்றிகள் இருந்தால்தான் சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டத்துக்குப் போகலாம். ஐந்து வைத்திருந்தார்கள். நவம்பர் இறுதியில், பனித்தூறலில், கடைசி ஆட்டம். நன்றி நாள் விடுமுறைக்கு வந்திருந்த நானும் அதற்குப் போனேன். இரண்டு கம்பளிகளுக்குள் இருந்த அம்மா, எதிரணி பந்தை எடுத்தபோது வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. ஃபிராங்க் அங்கிள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, எழுந்து நின்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினார். நம் அணி தோற்றது.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் பேச்சை ஆரம்பித்தேன்.

"எங்ககூட காப்பெல் வந்துருங்கம்மா. இந்தக் குளிர்ல தனியா எப்படி மேனேஜ் பண்ணுவீங்க?"

"மார்ச்சுல வரேன் கண்ணு."

"அதென்ன மார்ச்?"

"பேஸ்கட்பால் சீசன் முடியட்டும்."

"கூட்டம் இருக்கற எடத்துக்கே போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிருக்காரு. ஒரு ஃப்ளூ வந்தாக்கூட உங்க லங்ஸ் தாங்காதும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறேங்கறீங்க?"

அம்மா மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். "உன்ற வீட்டுல பத்தரமாத்தான் இருப்பேன். நீயும் மாப்பிள்ளையும் என்னைய நல்லாத்தான் பாத்துக்குவீங்க. ஆனா காலைல எல்லாரும் வேலை, ஸ்கூல்னு போயிருவீங்க. நான் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். இங்க வாரத்துல ஒருக்கா நான் போயே ஆகோணும்னு ஒரு எடம் இருக்குது. அது முடிஞ்சதுக்கப்புறம் வரேன்."

"கொஞ்சம் மாசம் கூடுதலா இருக்கணும்னு தோணலையாம்மா?"

"தோணாம என்ன கண்ணு" என்றார்.

நான் தோற்றுப்போனேன். அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, கணவரையும் மகன் நிகிலையும் காப்பெலிலேயே விட்டுவிட்டு, டிசம்பரில் அம்மாவிடம் வந்து தங்கினேன். பகலில் அவருடைய சாப்பாட்டு மேசையில் என் வேலை. ஆட்டம் உள்ள நாளில் அவருக்கு முகக்கவசம் மாட்டிவிட்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு போவேன்.

பெண்கள் கூடைப்பந்து அணியில் முதலாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். மற்றவர்களைவிட ஒரு தலை குள்ளம். ஆட்டத்தை அவள்தான் நடத்துவாள். அம்மா அவளைக் "குட்டிப் பொண்ணு" என்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்டத்தில் அவள் பந்தோடு திரும்பும்போது முழங்கால் மடங்கி விழுந்தாள். இரண்டு பேர் தோள் கொடுத்து அவளை வெளியே கொண்டுபோனார்கள். தசைநார் கிழிந்துவிட்டது, இனி இந்த சீசனில் ஆட மாட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. அதோடு அணியும் சரிந்தது. அம்மா தன் ஸ்கேன் முடிவுகளைக் கேட்டுக்கொண்ட நிதானம் அன்று அவரிடம் இல்லை. "பத்தொம்பது வயசு. கட்டையை ஊனிட்டு எப்படி கிளாஸுக்குப் போவா?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி கடைசியில் ஓர் ஆட்டத்துக்குப் போய்வந்த சில நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு நிமோனியா.

சித்தி கோவையிலிருந்து போனில் அழுதுகொண்டே, "அந்தக் கூட்டத்துக்கு அவளை ஏன் உட்டே?" என்று கேட்டார். அதன் பிறகு வேறு சிலரும் கேட்டீர்கள். கேட்காதவர்கள் மனதிலும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். மருத்துவரிடம் நானும் கேட்டேன். அரங்கத்திலிருந்து வந்திருக்கலாம், கடையிலிருந்து வந்திருக்கலாம், என்னிடமிருந்தேகூட வந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மாவை நான் அனுப்பவில்லை. அவர் போனார். நான் கூடப் போனேன்.

மருத்துவமனையில் ஆக்சிஜனின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தினால் பிறகு எடுக்க முடியாமல் போகலாம் என்று மருத்துவர் அம்மாவிடமே விளக்கினார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மருத்துவர் வெளியே போனதும் என்னைக் கையசைத்து அருகில் அழைத்தார். ஏதோ முக்கியமானதைச் சொல்லப்போகிறார் என்று முகக்கவசத்தோடு காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"ஃபிராங்க்குக்கு போன் பண்ணி... நாளைக்கு வரலைன்னு சொல்லிரு. பாவம்... குளிருல வாசல்ல நிப்பாரு."

அழைத்துச் சொன்னேன். ஃபிராங்க் அங்கிள் கேட்டுக்கொண்டார். பிறகு, "போனை அவ காதுல வைக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வைத்தேன். குட்டிப் பொண்ணு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள், ஆட்டக்காரர்கள் பெஞ்சில் வந்து உட்காருகிறாள் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஓகே... ஓகே" என்றார். இரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், என் கணவரும் நிகிலும் வந்து சேர்ந்த பிறகு, அம்மாவின் மூச்சு நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம் இருந்தது. "டிக்கெட் இருக்கு, உனக்கு வரணும்னு தோணினா வா" என்றார் ஃபிராங்க் அங்கிள். வீட்டைக் காலி செய்யும் வேலை பாதியில் கிடந்தது. போட்டுவிட்டுப் போனேன். சக்கர நாற்காலி நிற்கும் இடத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்.

முதல் இடைவேளையில் மேல் வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இறங்கி வந்தார். "டெக்சாஸ் பொண்ணு நீதானே? உன் பையனுக்குப் பல்லுக் கம்பி எடுத்தாச்சா?" என்று கேட்டார். பின்னாலேயே ஒரு முதியவர் வந்து, என் கணவருக்கு வேலை போய் நாங்கள் தவித்த ஆண்டைப் பற்றி விசாரித்தார். அதை நான் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவர் உடுமலைப்பேட்டை என்ற பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்காட்டினார். அவர்களில் ஒருவரைப் பற்றியும் அம்மா என்னிடம் சொன்னதில்லை. ஆட்டம் முடியும்வரை யாராவது ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் கடைசி நாட்களில் துணைநின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியை அடிக்காமலே போன பக்கத்து வீட்டு ஜெயந்தி ஆன்ட்டிக்கு. அம்மாவின் தலையை வாரிக் கொண்டை போட என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட இரவு நேர நர்ஸுக்கு. விசா கிடைக்காமல் போனில் எங்களோடு சேர்ந்து அழுத சித்திக்கும் மாமாவுக்கும். காரியங்களை முன்னின்று நடத்திக்கொடுத்த கோவில் நண்பர்களுக்கு. சக்கர நாற்காலி மேடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், பெயர்கூட எனக்கு முழுதாகத் தெரியாத மனிதர்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபிராங்க் அங்கிளுக்கு.

அவராலும் அந்த அரங்கத்து மனிதர்களாலும் தமிழ் படிக்க முடியாது. அதனால் இந்தக் கட்டுரையை நேற்று போனில் ஃபிராங்க் அங்கிளுக்கு வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அந்தக் கடைசி ஆட்டத்தோட ஸ்கோர நீ சொல்லவே இல்லையே. உங்கம்மா எழுதியிருந்தா விட்டிருக்க மாட்டா" என்றார்.

பதினேழு பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம்.