எப்போலேருந்து?

ஆபீசில் என் பட்டப்பெயர் ‘எப்போலேருந்து’. வீட்டுக் காப்பீட்டில் சேதத்தை நேரில் பார்த்துவிட்டு வருவது என் வேலை. குழாய் திடீரென்று வெடித்துத் தரை பாழானால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். சொட்டுச் சொட்டாய் ஒழுகி, மரம் நாளடைவில் ஊறி மக்கிப்போனால் கொடுக்காது. நான் போய் உட்கார்ந்து, சொந்தக்காரன் மாதிரி உச்சுக்கொட்டி, “அடடா, எப்போலேருந்து இப்படி?” என்பேன். மனிதர் உருகிவிடுவார். அதை ஏன் கேக்கறீங்க சார், ரெண்டு வருஷமா என்பார். அவ்வளவுதான், நாளடைவு. அவர் வாயைப் பிடுங்கியே அவர் கோரிக்கையைக் குழியில் இறக்கிவிட்டு வருவேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

என் வீட்டு அடுப்படியில் மரப்பலகைத் தரை. ஒரு நாள் காலை தண்ணீர் குடிக்கப் போனவன், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் வரை உள்ளே இறங்கினேன். பலகை ஊறின ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. தொட்டிக்கு அடியில் குழாய் மூட்டு நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காலை வெளியே இழுப்பதற்கு முன்பே என் மூளை வேலை செய்தது: நான் இறங்கியது திடீரென்றுதானே?

அடுப்பு படுக்கையறைக்குக் குடிபோனது. என் வீட்டுக்கும் காப்பீடு எங்கள் கம்பெனியில்தான்; அது கொடுத்தால்தான் அடுப்படிக்குப் புதுத் தரை. பார்க்க வருபவர் முன்னால் வாயே திறக்காதே என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

வந்தவர் ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரர். நான் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டிக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை ‘திடீர்னு’ போட்டுப் பேசினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“அடடா, எப்போலேருந்து மேடம் இப்படி?”

என்னைவிட நன்றாகவே உச்சுக்கொட்டினார். நான் அவளிடம் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“சின்னவ பொறந்ததுலேருந்து சார். இப்ப அவ நாலாவது படிக்கிறா. தினம் கிண்ணம் வச்சு வச்சுக் கொட்டிட்டு இருக்கேன்.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். நல்ல மனிதர்.

கதவைச் சாத்தியதும் பாய்ந்தேன். நேற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கத்தினேன். அவள் நிரம்பியிருந்த கிண்ணத்தைக் கொட்டிவிட்டு மறுபடி குழாயடியில் வைத்தாள்.

“உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எப்போலேருந்துன்னு என்னைக் கேட்ட முதல் ஆளு அவர்தான். அவர்கிட்டப் போய் எப்படிங்க பொய் சொல்றது?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடினேன். எங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.