டாக்டர் வரும்வரை ஒரு சொட்டும் கூடாது

மதியம் சோறூட்ட எழுப்பியபோதுதான் கவனித்தேன். மகள் தர்ஷினியின் தலை என் தோளில் நிற்காமல் சரிந்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை.

அவளுக்கு ஐந்து வயது. வலிப்பு வந்ததால் நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்குக் கொண்டுவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மருந்து கொடுத்ததும் வலிப்பு நின்றுவிட்டது. முந்தைய நாள் பக்கத்துக் கட்டில் குழந்தையோடு பொம்மைக்குச் சண்டை போட்டாள்.

செவிலியரிடம் சொன்னேன். "வலிப்பு மருந்துன்னா தூக்கம் வரத்தாம்மா செய்யும்" என்றார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருந்த கணவரும் போனில், "அவிங்களுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு" என்றார்.

சாயங்கால மருந்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு செவிலியர் வந்தார். நான் மகளை மடியில் போட்டு அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, இது தூக்கமில்லைங்க. எம்புள்ளை எப்படித் தூங்கும்னு எனக்குத் தெரியும். டாக்டர் வந்து பார்க்காம ஒரு சொட்டு உட மாட்டேன்."

"மறுபடி வலிப்பு வந்தா எங்களைச் சொல்லக்கூடாது."

ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பணி மருத்துவர் வந்தார், இளம் பெண். இமையைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். மூச்சை எண்ணினார். பிறகு மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதே மருந்துதான். ஆனால் அன்று காலை திறந்த புதுப் புட்டியில் செறிவு (ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்பது) இரண்டு மடங்கு. கொடுக்கும் மில்லியை யாரும் குறைக்கவில்லை.

"தப்பு எங்களோடதும்மா. நீங்க தடுத்தது நல்லதாச்சு" என்றார். அந்த வேளை மருந்தை நிறுத்தி, மூச்சைக் கண்காணிக்கும் கருவியைப் பொருத்தினார்கள்.

மறுநாள் கண் திறந்தாள். நடக்கையில் சில நாள் கால் பின்னியது, பிறகு சரியானது.

பிள்ளையோடு வார்டில் உட்கார்ந்திருப்பவர்களே, கேளுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லி, புட்டி மாறியதா? வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் என்றால் மருத்துவரை வரவழையுங்கள். தொல்லை பிடித்தவள் என்பார்கள். என்னையும் சொன்னார்கள். சொல்லட்டும்.

முன்பெல்லாம் அவள் தூங்கும் நேரம் நான் வேலை முடிக்கும் நேரம். இப்போது எதையும் போட்டுவிட்டு அருகில் போய் மூச்சைப் பார்க்கிறேன். சில நாள் உள்ளங்காலைச் சுரண்டியும் பார்க்கிறேன். "தூங்க உடும்மா" என்று எரிந்து விழுந்து உதைக்கிறாள். நேற்று உதைத்தது விலாவில் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.