ஆனந்தராசா பொட்டு வைத்த பபூன்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு இத்தாலியில், கபோச் சந்தையில் எனக்குச் சொந்தமாக மரக்கறிக் கடை இருக்கிறது. ஆனந்தராசா ஊரில் ஏ.எல். வரை படித்தவன். கூட்டித் துடைக்கப் போகும்போதும் பொக்கற்றில் பேனை குத்தியிருப்பான். அந்தத் துடைக்கிற வேலையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

வேலை, பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழட்டுப் பேராசிரியர் வீட்டில். மனுசன் ஆபிரிக்காவில் பபூன் குரங்குகளுக்குப் பின்னால் திரிந்தே தலை நரைத்தவர். கூடத்தில் அவர் எடுத்த ஆளுயரப் படம்: பொழுதுபடுகிற நேரம், ஒரு மரம், கொப்புக்குக் கொப்பு பபூன்கள். சிறுத்தைக்குப் பயந்து இருட்டுமுன்னமே ஏறிவிடுமாம். சிறுத்தையின் பாரம் தாங்காத மெல்லிய கொப்பாகப் பார்த்து, குந்தினபடியே நித்திரை கொள்ளுமாம். கிழவர் இதையெல்லாம் ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனந்தராசாவுக்கு விளங்கினது வேறு.

"அண்ணை, நடுவிலை இருக்கிறவர் நித்திரையில்லை, தியானம். ஆஞ்சநேயரேதான்."

"சிறுத்தைக்குப் பயந்து மரத்திலை ஏறினவர் எப்பிடியடா ஆஞ்சநேயர்?"

"உங்களுக்குப் படிப்பில்லை, விளங்காது."

சனிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டினான். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு சனி, சந்தனம் குழைத்து, குங்குமமும் சேர்த்து, படத்திலேயே பொட்டு வைத்துவிட்டான். கண்ணாடி போடாத படம். கண்காட்சிக்குப் போக இருந்தது. பயத்தில் ஈரத்துணியால் துடைத்தான். குரங்கின் முகமே போய்விட்டது.

"வேலையும் இல்லை, உன்ரை பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்தும் இல்லை" என்றுவிட்டார் கிழவர். முதலாளியின் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வதிவிட அனுமதி கிடையாது, இந்த நாட்டில் இருக்கேலாது. அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தான், ஏ.எல். படித்தவன்!

கிழவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் இத்தாலியன் சந்தையில் படித்தது, ஆனால் ஆளை மடக்கும். படித்தவர்களை இங்கே கூப்பிடுகிற மரியாதையோடு தொடங்கினேன். "தொத்தோரே, எங்கடை ஆக்கள் பெரிசாய் மதிக்கிறதுக்குத்தான் பொட்டு வைப்பம்."

கிழவர் கொஞ்சம் இளகினார். "ஆரை மதிச்சவன்?"

"ஆஞ்சநேயரை. கலியாணம் கட்டாத கடவுள்" என்றான் ஆனந்தராசா.

"அது பொம்பிளை! மடியிலை குட்டி இருந்தது கண்டனியோ? கூட்டத்திலை அவளுக்குத்தான் முதலிடம். தாயின்ரை இடம்தான் மகளுக்கும். எத்தினை தரம் சொன்னனான்! படம் இன்னொண்டு கழுவலாம். நீ ஒண்டும் கேக்கேல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். இப்ப சொல்லு, அது என்ன?"

படத்துக்குக் கோயில் கட்டவேணும் என்று என் கடை வாசலில் பிரசங்கம் வைத்தவன். மூச்சுவிடக்கூட நேரம் எடுக்கவில்லை.

"குரங்கு, தொத்தோரே. பெண் குரங்கு. சிறுத்தைக்குப் பயந்து மரத்திலை படுக்கிறது."

கையெழுத்து விழுந்தது.

வீடு திரும்பும்போது பிரான்காச்சோ பஸ்ஸில் என் கையைப் பிடித்தான். "அண்ணை, எங்கடை ஆக்கள் கூடுற கோயிலடியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம்" என்றேன். வாக்கு வாக்குத்தான், கோயிலடியில் நான் வாயே திறக்கவில்லை. கடைக்கு வாற ஆக்களுக்கு மட்டும்தான் சொல்லுகிறேன்.