சத்தம் போட்ட வாட்ச்

மகன் புது ஆட்டோமேடிக் வாட்சைக் காதருகே வைத்துக் குலுக்கினான். “அம்மா, உள்ளே என்னமோ கிர்ர்னு ஆடறது. திருப்பிக் கொடுத்துடப் போறேன்.”

அந்தக் கிர்ர் எனக்கு நன்றாகத் தெரியும். அறுபதுகளில், ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் கணக்குப் புத்தகத்துக்குள் தொடர்கதையை ஒளித்து வைத்துப் படிப்பேன். கதைப் புத்தகமே கூடாது என்று சொன்னவர் அப்பா. ஆனால் அவர் படியேறும்போதே அவர் கையிலிருந்த ஆட்டோமேடிக் வாட்ச் கிர்ர்ரென்று காட்டிக்கொடுத்துவிடும். அவர் வந்து நிற்கையில் கணக்கு மட்டும்தான் விரிந்திருக்கும்.

ஒருநாள் எண்ணெய் போட வாட்சைத் திருச்சிக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே கை அசைய அசையச் சுற்றும் அரைவட்டத் தகட்டை ஊசியால் தொட்டார்.

“ரோட்டர் லூசாயிருக்குங்க, சார். அதான் சத்தம். விட்டா மூடியில உரசித் தேஞ்சிடும். முடுக்கிடவா?”

“வேண்டாம், தேஞ்சா தேயட்டும். நான் மாடியேறி வரது பொண்ணுக்குத் தெரியணுமே” என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே.

தொடர்கதையை அவரே வாங்கிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு மனசு நிறைந்திருக்காது.

மகனிடம் சொன்னேன்: “திருப்பிக் கொடுக்காதேடா. உன் பொண்ணு மாடியில படிச்சிண்டிருக்கா.”