மச்சாள் கொடுத்த பவர்

போன ஞாயிறு எனக்குப் பவர் வந்தது. சும்மா இல்லை... கையெழுத்தோடு!

டொரொன்டோவில் இருக்கும் என் மச்சாளுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்ஸிலேயே ஒரு வீடு இருக்கிறது. அன்று மாலை உரிமையாளர் கூட்டம். மொட்டைமாடியைப் பூட்டி வைப்பதா, திறந்து விடுவதா என்று வாக்கெடுப்பு. தனக்காக நான் வாக்குப் போடலாம் என்று எழுதி, கையெழுத்து வைத்து, மச்சாள் வட்ஸ்அப்பில் 'பவர்' அனுப்பியிருந்தார்.

பூட்டினால் நான் எங்கே போவேன்? நானும் பக்கத்து வீட்டு ஃபரீதாவும் பின்னேரம் நடப்பது அங்கேதான். கீழே காலி வீதி என்கிற நெடுஞ்சாலையில், வாகன நெரிசலுக்குள் நடக்கவா முடியும்? மேலே போனால் கடல், காற்று, வாய் வலிக்கக் கதை. நாள் முழுக்க நாலு சுவருக்குள் கிடக்கிற எனக்கு அது இல்லாவிட்டால் மூச்சு முட்டும். உண்மையாகவே.

ஆனால் உரிமையாளர் சங்கத் தலைவர் சிவராசா அண்ணை பூட்டுவதென்றே நின்றார். தண்ணீர்த் தாங்கி இருக்கிற இடத்தில் ஆட்கள் திரியக் கூடாதாம். பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் எங்கள் பக்கம். மச்சாளின் வாக்கில்தான் எல்லாமே தொங்கியது.

சந்தோஷம் தாங்காமல் 'பவர்' என்ற அந்தச் சொல்லையே போனில் தேடிப் பார்த்தேன். இந்தப் பவருக்குத்தான் எத்தனை வேலை! மூக்குக் கண்ணாடியில் பவர், காய்ச்சல் குளிசையில் பவர், மினிஸ்டரைத் தெரிந்தவருக்குப் பவர், கரண்ட் போனால் பவர் கட். இத்தனைக்கும் மூலம்? லத்தீனில் 'இயலும்' என்று பொருள்படும் ஒரு சின்ன வினைச்சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்ததாம். அதாவது, நாங்கள் வாய்க்கு வாய் சொல்கிற 'ஏலும்'! ஆளுவதும் அடக்குவதும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை போல.

ஃபரீதாவிடம் சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கு இன்டைக்கு எல்லாம் ஏலும்தானே. வாங்க போவம்!" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

கூட்டத்தில் எழுந்து என் போனை உயர்த்திக் காட்டினேன். சிவராசா அண்ணையும் தன் போனை உயர்த்தினார். அதே மச்சாள். அதே கையெழுத்து!

சிரிப்பு அடங்கிய பிறகு மச்சாளுக்கே வீடியோ கோல் எடுத்தோம். அங்கே காலை நேரம், கையில் கோப்பி.

"என்ன மச்சாள் இது? ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கிறியள்?"

"நான் என்னடியப்பா செய்ய? நீ கேட்டாய், தந்தன். சிவராசா அண்ணை என்ர ஒண்டுவிட்ட அண்ணன். அவரும் கேட்டார். சொந்தத்துக்குள்ள ஏலாதெண்டு சொல்லலாமே?"

தலைவர் குறுக்கே விழுந்தார். "சரி தங்கச்சி, இப்ப சொல்லுங்கோ. பூட்டுறதோ, விடுறதோ?"

மச்சாள் கோப்பியைக் கீழே வைத்தார்.

"அண்ணை... மேல நிண்டால் இப்பவும் கடல் தெரியுதோ? ஒருக்காக் காட்டுங்கோவன்."

தலைவரே எழுந்தார். போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முன்னே, கூட்டம் முழுவதும் பின்னே — படியேறினோம். சூரியன் கடலில் இறங்கும் நேரம். கரையோர ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. மச்சாள் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, என்ன வடிவு!"

சொன்னது மச்சாள் இல்லை, தலைவர்! இத்தனை வருஷத்தில் அவர் மேலே ஏறியதே இல்லையாம்.

வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. இப்போது பின்னேரமானால் எங்களுக்கு முன்னால் அவர்தான் அங்கே நிற்கிறார். ஒரே ஒரு கரைச்சல் — எங்களை நடக்க விடாமல் நிறுத்தி வைத்துக் கதைக்கிறார்!